முப்பதைத் தாண்டிய மூன்று

பெயர் மெல்கர் ஸ்டென்வால். வயது பதினாறு. வடக்கு ஸ்வீடன், யெர்ன்த்ரெஸ்க் ஊர், மர ஆலைச் சாலை, ஏழாம் எண் வீடு. டிசம்பர் நான்காம் தேதி, அம்மா சிக்னே உடனிருக்க, இன்ஸ்பெக்டர் ஹெட்விக் நோர்லிங் முன் சொல்வது. நான் எடுத்துக் கொடுத்த காபியை இருவரும் தொடவில்லை. முன்பு ஒருமுறை உப்புப் போட்டிருக்கிறேன்.

என் கார் டிராக்டர் என்று பதிவானது. கார் லைசென்ஸ் எடுக்க வயது வராதவர்கள் ஓட்டுவது. மணிக்கு முப்பது கிலோமீட்டரைத் தாண்டாதபடி வேகத்தைக் கட்டுப்படுத்தி, அந்த இடத்தில் சீல் வைத்திருப்பார்கள். போன மாதம் ஒரு தாள் சைபர் ஸ்டிக்கர் வாங்கி, பின்கண்ணாடியில் வேக எல்லையாகப் போட்டிருந்த 30-க்குப் பக்கத்தில் ஒன்று ஒட்டி 300 ஆக்கினேன். மீதியைக் கதவோரம் கண்ட இடத்தில் ஒட்டினேன்.

சென்ற ஞாயிறு பனி டயர் மாட்ட வேண்டியிருந்தது. பழைய டயரில் எழுதியிருந்த அளவு தேய்ந்து அழிந்திருந்தது. பெரியம்மா மகள் லின்னேயா, இதே மாடலில் பெரிய எஞ்சின் கார் வைத்திருந்தவள், தன் பழைய சக்கரங்களைக் கொடுத்தாள். "போல்ட் உக்காந்துடுச்சுல்ல? அப்புறம் என்னடா அளவு, கல்யாணச் சட்டையா தைக்கிறே?" என்றாள். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் பார்ப்போம். அதன் பிறகு வளைவுகளில் உரசல் கேட்டது. மட்கார்டில் உறைந்த பனி என்று உதைத்துவிட்டு ஓட்டினேன்.

நேற்று காலை பள்ளிக்குப் போகையில் இன்ஸ்பெக்டர் நிறுத்தி, வேகம் பார்க்கும் உருளைமேல் ஏற்றினார். என் காரின் வேக முள் முப்பதில் நின்றது. உருளை முப்பத்து மூன்று காட்டியது. சீலைத் தொடவில்லை என்றேன்.

"உன் பேச்சுக்கு என்ன மதிப்புன்னு நீயே பின்னாடி ஒட்டி வச்சிருக்கே, பாரு" என்றார் இன்ஸ்பெக்டர்.

சீலை உடைத்ததாக எழுதினால் வண்டியும் போகும், ஓட்டும் அனுமதியும் போகும். பள்ளி இருபத்திரண்டு கிலோமீட்டர். எங்கள் சாலைக்குப் பேருந்து இல்லை. நேற்று மாலை வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா தன் கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று காலை சோதனைக் கூடத்தில் சீல் முழுசாக இருந்தது. "கழட்டிட்டு மறுபடி ஒட்டியிருப்பே. ஒட்டுறதுலதான் நீ கில்லாடியாச்சே" என்றார் இன்ஸ்பெக்டர். அதன் பிறகு மெக்கானிக் துரே, டயர் அளவு எழுதிய தகடு எங்கே என்று கேட்டுக் கதவைத் திறந்தார். கதவுத் தூணில் வரிசையாக நான்கு சைபர். பனி சுரண்டும் கட்டையால் நானே சுரண்டினேன். அடியில் அகலம் 185, ரிம் பதினான்கு அங்குலம் என்று இருந்தது. நான் மாட்டியிருந்தது 195, பதினைந்து அங்குலம்.

"பெரிய டயர், ஒரு சுத்துக்குக் கூடத் தூரம் ஓடுது. முள்ளு சுத்தைத்தான் எண்ணும்" என்றார் துரே. அதன் பிறகு கூடத்திலிருந்த பதினான்கு அங்குலப் பனி டயர்களை மாட்டி ஓட்டினார். உருளை முப்பது காட்டியது. இன்ஸ்பெக்டர் நம்பாமல், துரேயை இறங்கச் சொல்லித் தானே ஏறி மிதித்தார். முப்பதுதான்.

அளவை மறைத்தது நான். பார்க்காமல் மாட்டியது நான். சீலைத் தொட்டது நான் இல்லை.

எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். நடந்தது இதுதான், ஒரு சைபர்கூடச் சேர்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் இப்போது அந்த ஆறிய காபியைக் குடித்தார். இதையும் எழுதச் சொல்லிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) மெல்கர் ஸ்டென்வால்