மிஸ்டர் சமத்துவம்

“மேலத்தெருப் பையன் தினமும் எங்கப்பாவை மிஸ்டர்னு கூப்பிடறாண்ணே” என்று சவூதியின் ஜுபைல் கேம்ப் பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் சொன்னதும் பக்கத்திலிருந்தவர் திரும்பினார்.

“அப்பா ஊர்லல்ல இருக்காரு?”

“பாஸ்போர்ட்ல என் சர்நேம் அவர் பேருதான், சமத்துவம். டீக்கடையில தனி டம்ளர் வெச்சதை எதிர்த்துத் தாத்தா ஜெயில்ல இருந்தப்ப அப்பா பொறந்ததால வெச்ச பேரு. மேலத்தெருவுல ஒருத்தரும் அதைச் சொன்னதில்ல, ‘டேய்’தான். இப்ப அந்தத் தெருப் பையன் இங்க டைம்கீப்பர். அட்டென்டன்ஸ் எடுக்கறப்ப ‘மிஸ்டர் சமத்துவம்’னு மைக்ல கூப்பிட்டாகணும்.”

இருவரும் சிரித்ததில் சீட்டே குலுங்கியது.

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“நேத்து போன்லயே கேக்க வெச்சேன். இன்னொரு தடவை கூப்பிடச் சொல்லுடான்னாரு.”

“அவன்கிட்ட எப்படிச் சொன்ன?”

“எங்க சொன்னேன்? காது கேக்காத மாதிரி நின்னேன். கூப்பிட்டுக்கிட்டே இருந்தான்.”