சன்னாசி மகன் கொண்டுவந்த சேதி

— ஐயோ சாமி, போதும்டா! இன்னும் யாரு செத்தான்னு சொல்ல என் வாசல்ல வந்து நிக்கிற?

— மல்லிகாக்கா, அழாதீங்க. சத்தியமா சாவு சொல்ல வரல. கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க.

— சன்னாசி மகன் வந்து வாசல்ல நின்னா வேற என்னாடா அர்த்தம்? ஒங்கப்பன் இந்தத் தோட்டத்து லயத்து வீட்டுப் பக்கம் வந்தா, செத்தது யாருன்னுகூட நாங்க கேக்க மாட்டோம். மூஞ்சியப் பாத்ததும் ஒப்பாரியத் தொடங்கிருவோம். எங்கம்மா செத்ததச் சொன்னதும் ஒங்கப்பன்தான், எங்கண்ணன் செத்ததச் சொன்னதும் ஒங்கப்பன்தான். ஒனக்கும் அதே மூஞ்சி.

— மூஞ்சிக்கு நான் என்னா செய்ய? சரி, நேராவே சொல்லிர்றேன். ஒங்க வீட்டுக்காரரு, ஏழுமலை அண்ணன், உயிரோட இருக்காரு.

— என்னா?

— உயிரோட இருக்காருக்கா.

— டேய் சுமனு. இன்னிக்கி அவருக்குக் கருமாதி. பின்னால சமைக்கிற பொகை தெரியுதா? கஹவத்தையிலருந்து எந்தம்பி வெள்ளச்சீலையோட வந்து ஒக்காந்திருக்கான். பொழுது சாயுற நேரம் என்னைய பீலித் தண்ணிக்குக் கூட்டிட்டுப் போயித் தாலிய அறுக்கப் போறாங்க. இந்த நேரத்துல வெளையாட்டு வச்சிக்காத. வெளக்கமாறு பிஞ்சிரும்.

— அது தெரிஞ்சுதான்க்கா ஓடி வர்றேன். பஸ் யட்டியாந்தோட்டையோட நிக்கிது. பாலம் போயிருச்சி. போன் டவரும் விழுந்து கெடக்கு. மண்ணு சரிஞ்ச எடத்துல இடுப்பளவு சேத்துல எறங்கித்தான் வந்தேன். காலப் பாருங்க, பூரா அட்டை.

— அந்த மண்ணுக்குள்ளதான் அவரும் போனாரு. கொடையும் ஒத்தச் செருப்பும்தான் தோண்டி எடுத்தாங்க. ஆளு கெடைக்கல.

— ஆளு மண்ணுக்குள்ள இருந்தாத்தானே கெடைக்கும்? ஆத்தோட போயிருக்காரு. கீழ யாரோ சிங்கள ஆளுங்க இழுத்துப் போட்டு, பெரியாஸ்பத்திரில சேத்திருக்காங்க. தலையில அடி. மூஞ்சி பலாப்பழமா வீங்கி, பேச்சுமூச்சே இல்ல. அடையாள அட்டையும் ஆத்தோட போச்சு. யாரு என்னான்னு அவங்களுக்கு எப்புடித் தெரியும்? நேத்துதான் கண்ணு முழிச்சாரு.

— நீ ஒங்கண்ணால பாத்தியா?

— பாத்தேன். தொட்டேன். கஞ்சி ஊட்டிவிட்டேன். ரெண்டு கரண்டி குடிச்சிட்டு, சீனி இல்லன்னு மூஞ்சியச் சுளிச்சாரு.

— எல்லாரும்தான்டா சீனி கேப்பாங்க. ஒன்னைய யாரு அனுப்புனது, அத மொதல்ல சொல்லு. ஒங்க ஜெபக்கூடத்து ஆளா? அன்னைக்கிக் கொழும்புலருந்து வெள்ளக் கோட்டுப் போட்டுக்கிட்டு ஒருத்தரு வந்து, மைக்கப் புடிச்சிக்கிட்டு, செத்தவங்க எந்திரிப்பாங்கன்னு கத்துனாரே. அப்போஸ்தலரோ என்னமோ. அவரா?

— அனே, அவரில்லக்கா. அந்தக் கோட்டப் பாத்து எனக்கும் ஆசைதான். நானும் ஒரு நாளைக்கி அப்போஸ்தலர் ஆவணும்னு எங்க பாஸ்டர்கிட்டப் போயிக் கேட்டேன். அவரு வயித்தப் புடிச்சிக்கிட்டுச் சிரிச்சாரு. அது பட்டம் இல்லடா மடையா, அனுப்பப்பட்டவன்னு அர்த்தம், அவ்வளவுதான்னாரு. இயேசு பன்னெண்டு பேர வச்சிருந்தாரு. மீன் புடிக்கிறவங்க, வரி வசூலிக்கிறவரு, இப்புடித்தான். அவங்க மேலதான் சபையே நிக்கிது. ஆனா அவங்களுக்குக் குடுத்த பெரிய வேல ஒன்னே ஒன்னுதான். நீங்க கண்ணால பாத்தீங்கல்ல, ஊர் ஊராப் போயி, செத்தவரு உயிரோட இருக்காருன்னு சொல்லுங்க.

— ஊர் ஊராப் போயிச் சொல்றதா? அப்ப அது ஒங்கப்பன் வேலதான்!

— அதத்தான்க்கா நானும் பாஸ்டர்கிட்டச் சொன்னேன்! எழவு சொல்ற வேலையே வேணாம்னுதான் நான் வேதத்துக்குப் போனது. எங்கப்பாவ மழையில வாசல்லயே நிக்க வச்சி, தேத்தண்ணிய தேங்காச் செரட்டையில ஊத்திக் குடுக்குறது. நீ ஏன் அத வாங்கிக் குடிக்கிறன்னு அப்பாகூட எத்தன சண்ட! அங்க போனா, மறுபடியும் அதே வேலையத் தூக்கிக் கையில குடுக்குறாங்க.

— செரட்டையில நானும் குடுத்திருக்கேன்.

— தெரியும்.

— தெரிஞ்சுமா இவ்வளவு தூரம் வந்த?

— தெரிஞ்சுதான் வந்தேன்.

— சரி, அந்தப் பன்னெண்டு பேரு சொன்னத ஊரு நம்புச்சா?

— எங்க! குடிச்சிட்டு ஒளர்றானுங்கன்னு சொன்னாங்க. அவங்கள்லயே தோமான்னு ஒருத்தரு, காயத்துல வெரல விட்டுப் பாக்காம நம்பவே மாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்னாரு.

— அவரு புத்திசாலி. நானும் அந்தக் கட்சிதான். என்னா அடையாளம்டா கொண்டாந்திருக்க?

— அண்ணன் ஒரு வார்த்த சொல்லி அனுப்புனாரு. எனக்கு ஒன்னும் வெளங்கல. அப்புடியே சொல்றேன். அன்னைக்கிச் சம்பல்ல உப்பு சரியாத்தான் இருந்துச்சின்னு மல்லிகாகிட்டச் சொல்லு, அப்புடின்னாரு.

— என்னா சொன்ன? இன்னொருக்காச் சொல்லு.

— சம்பல்ல உப்பு சரியாத்தான் இருந்துச்சி.

— ஐயோ மனுசா! ஐயோ என் மனுசா! சுமனு, அன்னைக்கிக் காலையில உப்பு கரிக்கிதுன்னு ரொட்டித் தட்டத் தள்ளிட்டு எந்திரிச்சிப் போனாருடா. நானும் சும்மா இல்லாம, போற எடத்துல நல்ல சம்பல் கெடச்சா அங்கயே இருந்துக்கன்னு கத்துனேன். அதுதான் கடைசிப் பேச்சு. இத நான் யாருகிட்டயும் சொல்லல. பெத்த புள்ளைங்ககிட்டகூடச் சொல்லல. இந்த வாய வச்சிக்கிட்டு நான் எப்புடித் தூங்கியிருப்பேன், சொல்லு?

— அழாதீங்கக்கா.

— அழல, சிரிக்கிறேன். எனக்கே தெரியலடா. டேய் தம்பி! அந்த வெள்ளச்சீலையக் கொண்டுபோயி அடுப்புல போடு! கருமாதி இல்ல! மாமா உயிரோட இருக்காரு! சுமனு, நீ என்னா இன்னும் வாசல்லயே நிக்கிற? உள்ள வா. சேறெல்லாம் பரவால்ல. ஒக்காரு, எலையப் போட்டுச் சாப்பிடு.

— இருக்கட்டும்க்கா, நான் போவணும்.

— ஒரு வாய் சாப்புட்டுப் போ. ஆமா, மூஞ்சி அப்புடி வீங்குனவர யாருடா அடையாளம் கண்டது?

— அப்பாதான். இளைப்பு கூடிப்போயி முந்தாநேத்து அவரையும் அதே வார்டுலதான் சேத்தேன். அடுத்த கட்டில்ல அண்ணன். இந்தப் பக்கத்து லயத்து மூஞ்சி எல்லாமே அப்பாவுக்கு மனப்பாடமாச்சே, காதப் பாத்தே சொல்லிட்டாரு. நேத்து சாயங்காலம் அண்ணன் கண்ணு முழிச்சதும் அப்பா என் கையப் புடிச்சிக்கிட்டாரு. காலம் பூரா நான் சாவுதான்டா சொன்னேன், இந்த ஒரு சேதிய நீ போயிச் சொல்லுன்னாரு. என்னைய அனுப்புனது அவருதான்க்கா.

— அந்த மனுசன் கால்ல விழுந்து கும்புடணும்டா நான். நாளைக்கே கோழி அடிச்சிக் கொழம்பு வச்சி அவருக்குக் கொண்டாறேன். நல்ல ஒறப்பா வைக்கலாமா? இளைப்புக்காரருக்கு ஆவாதா?

— வேணாம்க்கா.

— ஏன், நர்ஸ் மிஸ்ஸி சாப்பாடு உள்ள விட மாட்டாங்களா?

— அப்பா இன்னிக்கி விடியுறதுக்கு முன்னாடியே போயிட்டாருக்கா.

— டேய்! அங்க அப்பனப் போட்டுட்டா இங்க வந்து நிக்கிற?

— அவருக்கு இனி என்னாக்கா அவசரம்? ஒங்க தாலிக்குத்தான் பொழுது சாயுற வரைக்கும் தவண இருந்துச்சி.

— இவ்வளவு நேரமும் வாயத் தொறக்காம! நானும் கோழி, கொழம்புன்னு பேசிக்கிட்டு நிக்கிறேன் பாரு. ஒங்க சனத்துக்கெல்லாம் சொல்லியாச்சா?

— யாரு சொல்றது? எழவு சொல்ற வீட்டு எழவ யாருக்கா போயிச் சொல்லுவா? கீழ் டிவிசன்ல சித்தப்பா இருக்காரு. ரப்பர் மலையில அத்தை. நான் இப்புடியே திரும்பிப் போயி அப்பாவ எடுக்கணும். போற வழியில யாராச்சும் கெடச்சா சொல்லி விடலாம்.

— நீ ஒங்கப்பாகிட்டப் போ. எந்தம்பியையும் கூடக் கூட்டிட்டுப் போ, தூக்க ஆளு வேணும்ல. கீழ் டிவிசனுக்கும் ரப்பர் மலைக்கும் நான் போறேன்.

— நீங்களா? அண்ணனப் பாக்கப் போவலயா?

— உயிரோட இருக்காருல்ல, கொஞ்சம் காத்திருக்கட்டும்.

— ஒங்க ஆளுங்க என்னா சொல்லுவாங்க தெரியுமாக்கா? எங்க வீட்டு எழவ நீங்க போயிச் சொன்னீங்கன்னா...

— அவங்க சொல்றதச் சொல்லட்டும். எனக்கு இது பழக்கமில்லடா சுமனு. ஒங்கப்பா வாசல்ல வந்து நின்னதும் மொத வார்த்த என்னான்னு சொல்லுவாரு? எனக்குச் சொல்லிக் குடு.