இஸ்பேடு ராணி

கும்மிடிப்பூண்டி ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள். ஒட்டுக் கேட்பது தப்பு என்று, என் மடியில் தூங்கிய குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் கேட்டது.

இளையவள் சொன்னாள்: “இஸ்பேடு ராணி வந்தா புருஷனுக்கு வேற பொம்பளன்னு புஸ்தகத்துல போட்டுக்கீதுக்கா. பக்கத்து ஊட்டு மல்லிகாவுக்குப் பாத்தப்ப அதான் வந்துச்சி, அப்டியே சொல்லிட்டேன்.”

“நீயே இப்பத்தான் சீட்டு ஜோசியம் கத்துக்கினு கீற. உனக்கு இன்னாத்துக்குடி இந்த வேலை?”

“அவ புருஷனோட கம்பெனி வாசல்லயே போய் அவர நாறடிச்சிட்டா. பாவம், நல்ல மனுஷன். ஊட்டுக்கே வர்றதில்ல. எப்ப வருவாருன்னு சீட்டுல பாக்கச் சொல்லி மல்லிகா தெனம் வந்து நிக்கிறா. அவ மூஞ்சியப் பாக்க முடியலக்கா.”

“எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லித் தொலையேன்.”

“கால்ல விழுந்து சொன்னேன்கா. அத மட்டும் நம்ப மாட்டேங்கறா.”