நான்காவது குறிப்பு

கேபிளை முழங்கையில் சுற்றிச் சுருட்டக் கூடாது, சார். உள்ளே கம்பி முறுக்கிக்கொள்ளும். உங்கள் மேசை மேல் இருப்பதை யாரோ அப்படித்தான் சுருட்டியிருக்கிறார்கள். பரவாயில்லை. சொல்ல வந்தது வேறு.

வரிசையாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். நான் மின் பொறியியல் படித்தவன். வேலை காப்பீட்டு அலுவலகத்தில், விபத்துக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் பிரிவில். ஐந்து வருடமாக மற்றவர்களின் கோப்புகளில் ‘கவனக்குறைவு’ என்று எழுதி வருகிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

என் மனைவியின் தம்பி பத்தாவதோடு நின்றவன். வயர்மேன். எங்கள் பகுதியில் பாதி வீடுகளின் சுவருக்குள் ஓடுவது அவன் இழுத்த வயர். என்னை ‘இன்ஜினியர் மாமா’ என்று கூப்பிடுவான். கல்யாணமான புதிதில் ஒரு மின்விசிறியை நானே மாட்டினேன். அது எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. அவன் வந்து அண்ணாந்து பார்த்தான்.

“மாமா, அந்த சர்டிபிகேட்டை மாட்டியிருக்கீங்களே, அந்த ஆணியாவது நீங்க அடிச்சதா?”

அவளும் சிரித்தாள். வாய்விட்டே சிரித்தாள். இதை எழுத வேண்டிய அவசியமில்லை.

இனி கேபிள். எங்கள் வீட்டு முன்புறத்தில் ஒரு தோட்ட விளக்கு இருந்தது. தரையைச் சிமெண்ட் போட்டு மூடியபோது விளக்கைக் கழற்றினோம். பன்னிரண்டு மீட்டர் கேபிள் மிஞ்சியது. கறுப்பு, கட்டை விரல் தடிமன், ஏழு வருடம் மண்ணிலும் வெயிலிலும் கிடந்தது. அதே வாரம் குளியலறை ஹீட்டரை இடம் மாற்ற வேண்டியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு படித்த மூளை போதும்.

“ஏங்க, வெளியில கெடந்ததை எதுக்கு உள்ள இழுத்துட்டு வர்றீங்க?”

“வெயில், மழை எல்லாத்தையும் தாங்கினது. வீட்டுக்குள்ள ராஜா மாதிரி இருக்கும்.”

“ராஜாவுக்கு வயசாயிடுச்சு. தம்பியைக் கூப்பிடவா?”

அந்தக் கடைசிக் கேள்வியை அவள் கேட்டிருக்க வேண்டாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வேலையை முடித்தேன். மேலுறை விறைத்திருந்தது, வளைத்தபோது லேசாக வெடித்தது. டேப் சுற்றினேன். நுனியில் செம்பு பச்சை பூத்திருந்தது. கத்தியால் சுரண்டினேன். கேபிளுக்குள் இரண்டு கம்பிகள்தான். தோட்ட விளக்குக்கு இரண்டு போதும். ஹீட்டருக்கு மூன்று வேண்டும், மூன்றாவது எர்த். அதனால் பிளக் பெட்டிக்குள் எர்த்தையும், கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரலையும் ஒரு சின்னத் துண்டு வயரால் இணைத்துவிட்டேன். இரண்டும் கடைசியில் மண்ணுக்குத்தானே போகின்றன.

ஆமாம் சார், இப்போது தெரியும். நியூட்ரல் எங்காவது அறுந்தால் ஹீட்டரின் உடம்பு முழுக்கக் கரண்ட் வரும். அப்போதும் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவது வருடப் பாடம் அது. நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

ஹீட்டரைப் போட்டதும் ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. தூக்கிவிட்டேன், மறுபடி விழுந்தது. மச்சானின் தம்பட்டம் அது. “என்ன தப்பு நடந்தாலும் இது காட்டிக் கொடுத்துடும், மாமா” என்று சொல்லித்தான் மாட்டினான். அதைத் தவிர்த்துவிட்டு நேராக இணைப்புக் கொடுத்தேன். பிறகு எல்லாம் அமைதியாக இருந்தது.

அன்று மாலை எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பதிவு போட்டேன். ‘வெளிப்புறக் கேபிளை வீட்டுக்குள் பாதுகாப்பாகப் பயன்படுத்த ஏழு குறிப்புகள்.’ எர்த் விஷயம் நான்காவது குறிப்பு. ட்ரிப் சுவிட்சைப் பற்றி எழுதவில்லை; அது எங்கள் குடும்ப விஷயம். முப்பத்தோரு பேர் கட்டை விரலை உயர்த்தினார்கள். மச்சானும் அந்தக் குழுவில் இருக்கிறான். அவன் ஒன்றும் போடவில்லை. படித்ததாகக் காட்டவும் இல்லை.

புதன்கிழமை அவள் ஈரக் கையை உதறிக்கொண்டே வந்தாள்.

“குழாயைத் தொட்டா சுர்ருங்குதுங்க.”

“தோல் வறண்டிருக்கு. எண்ணெய் தடவு.”

தடவினாள். சொன்னதைக் கேட்கிறவள்தான்.

வியாழன் காலை, அவள் மாடியில் துணி காயப்போடும்போது ஹீட்டரைப் போட்டுவிட்டு டெஸ்டரைக் குழாயில் வைத்தேன். எரிந்தது. மங்கலாகத்தான், ஆனால் எரிந்தது. உடனே கடைக்குப் போய்ப் புதுக் கேபிள் வாங்கினேன், மூன்று கம்பி உள்ளது. கவனக்குறைவானவன் செய்யக்கூடிய காரியம் இல்லை, இல்லையா? அதை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்தேன். சனிக்கிழமை மதியம் தம்பி வந்து அவளை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. அவர்கள் போன பிறகு மாற்றிவிடலாம். யாருக்கும் தெரியாது. பதிவும் அப்படியே இருக்கும்.

அதுவரை இரண்டு நாள். எனக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கினேன்.

“குளிக்கப் போறப்ப எதுக்குங்க புதுச் செருப்பு?”

“கால்ல வெடிப்பு.”

இரண்டு ஜோடி வாங்கியிருந்தால் கேள்விகள் அதிகமாகியிருக்கும்.

அவளிடம் ஒன்றுமே சொல்லவில்லை என்று நீங்கள் எழுதினால் அது தவறு. வெள்ளிக்கிழமை, பச்சைத் தண்ணீரில் குளிப்பது உடம்புக்கு நல்லது என்று விளக்கமாகவே சொன்னேன். அவளும் அன்று அப்படியே குளித்தாள். நடுங்கிக்கொண்டு வந்து, “இந்த ஆரோக்கியம் எனக்கு வேண்டாம் சாமி” என்றாள்.

சனிக்கிழமை காலை கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து ஹீட்டர் சுவிட்சைப் போட்டாள். சுவிட்ச் குளியலறைக்கு வெளியே, என் நாற்காலியிலிருந்து நான்கு எட்டு. தண்ணீர் சூடாகப் பத்து நிமிடம் ஆகும். அவள் கட்டிலில் உட்கார்ந்து ஊருக்கு எடுத்துப் போகும் துணிகளை மடித்தாள். நான் எழுந்தேன். இரண்டு எட்டு வைத்தேன். அவள் பார்த்துவிட்டாள்.

“என்ன இன்ஜினியர் சார், நீங்க மாட்டினதைப் பார்த்தா உங்களுக்கே பயமா இருக்கா? தம்பி மத்தியானம் வர்றான். ஒரு தடவை பாக்கச் சொல்லவா?”

கேலிதான். முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்தது. மின்விசிறிக்குச் சிரித்த அதே சிரிப்பு.

“பயம் என்ன பயம்” என்றேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். செய்தித்தாளின் இரண்டாம் பக்கம். மழை வரும் என்று போட்டிருந்தார்கள். வரவில்லை. பத்து நிமிடம் என்பது நீளமான நேரம், சார். துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாய் திறந்த சத்தம் கேட்டது. பிறகு வாளி உருண்ட சத்தம்.

முதலில் சுவிட்சை அணைத்தேன். பிறகுதான் கதவு. வரிசை சரியாகத்தான் இருந்தது.

மச்சான் மதியம் பழங்களோடு வந்தான். காரியமெல்லாம் முடிந்து மூன்றாம் நாள், திருப்புளியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனான். பிளக் பெட்டியைக் கழற்றி, அந்தத் துண்டு வயரை வெகுநேரம் பார்த்தான். என்னை மாமா என்று கூப்பிடவில்லை.  நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டான்.

நான் அழவில்லை என்று அவர்கள் வீட்டில் பேசுகிறார்கள். உண்மைதான். கல்யாணமாகி இரண்டு வருடம் ஏழு மாதம். வீட்டில் சத்தமே இல்லை. செருப்பை இன்னும் போட்டுக்கொண்டுதான் குளிக்கிறேன், பச்சைத் தண்ணீரில்.

நான் கொன்றேன் என்று எழுத வேண்டுமானால் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தெரிந்தே உட்கார்ந்திருந்தேன். ஒரு நிமிடம் கேலி செய்திருப்பார்கள், அவ்வளவுதான். அதைத் தாங்கிக்கொண்டிருக்கலாம்.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்?

பதிவா? இருக்கிறது. ஆமாம், இரண்டு பேர் அதைப் பார்த்துச் செய்தார்கள். மூலை வீட்டுத் தையல்காரர். அவருக்கு மூன்று குழந்தைகள். அப்புறம் எதிர்வரிசையில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. இருவரும் படம் எடுத்து நன்றியோடு அனுப்பியிருந்தார்கள். வேலை சுத்தமாக இருந்தது. துக்கம் விசாரிக்க வந்தபோதும் இரண்டு பேரும் ஹீட்டர் நன்றாக ஓடுவதாகத்தான் சொன்னார்கள். அந்த நேரத்தில் போய் நான் என்ன சொல்ல?

உட்காருங்கள் சார். போன் செய்வதானால் செய்யுங்கள், எண்கள் என்னிடம் இருக்கின்றன. ஆனால் பதிவை அழிக்கச் சொல்லாதீர்கள். ஏழில் ஆறு சரியாகத்தானே இருக்கிறது.