பாஸ் பெட்டிக்குள் போன குரல்

கோல சிலாங்கூர் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் செம்பனை ஆலைச் சீருடையில் இருவர். நரைத்தவர் கடிந்துகொண்டார்.

"கரோக்கே செட்டுல கிராஸ் ஓவர் திருகு எண்பதுலதான் இருக்கணும், சேவியர். அதுக்குக் கீழ உள்ள மேளச் சத்தந்தான் பாஸ் பெட்டிக்குப் போகணும். நூத்தம்பதுல வெச்சா உன் குரலும் அதுக்குள்ள போயிரும் லா."

"போகட்டும்ண்ணே. ஸ்டெல்லா அந்தப் பெட்டி மேலதான் கைய வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பா."

"அவளுக்குத்தான் பொறந்ததுலேர்ந்து காது கேக்காதே?"

"ஆமாண்ணே. எண்பதுல இருந்தப்ப மேளம் அதிர்றது மட்டுந்தான் கைக்குத் தெரிஞ்சுச்சு. நேத்து நூத்தம்பதுக்குத் திருப்பிட்டுப் பாடினேன். கண்ண மூடிக்கிட்டா. முடிஞ்சதும் சைகையில கேட்டா, 'இதுதான் உங்க குரலா?'ன்னு. கல்யாணமாயி பதினெட்டு வருசம்ண்ணே."

பேருந்து இரண்டு நிறுத்தங்களைத் தாண்டியது.

"அந்தத் திருகை யாரையும் தொட விடாத, தம்பி."