பேர் எழுதும் ஆமை

குழந்தைகள் கதை என்றால் எனக்கு உயிர். தணிக்கை அலுவலகத்தில் அவற்றையெல்லாம் என் மேசைக்குத்தான் அனுப்புவார்கள். மற்றவர்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

மசாவுக்கோ என் தங்கையின் கணவன். அவன் நாவலுக்கு அனுமதி கொடுத்துக் கையெழுத்துப் போட்டவன் நான்தான், ஐயா. கழுதைப்புலி ராஜா காட்டிலுள்ள குரல்களையெல்லாம் பிடுங்கிச் சுரைக்குடுக்கைகளில் அடைத்துவைக்கிறான். ஒரு தவளைப் பெண் அவற்றைத் திறந்துவிடப் புறப்படுகிறாள். ராஜா யாரென்று எங்கள் ஊர் டெட்சாவில் எல்லாருக்கும் தெரியும், வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். எங்கள் முகமூடி ஆட்டத்திலும் அப்படித்தான். உள்ளே இருப்பவன் பக்கத்து வீட்டுக்காரன் என்று காலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆனாலும் வந்திருப்பது மிருகம் என்றுதான் சொல்வோம். ஆள் பேரைச் சொல்வதைவிடப் பெரிய குற்றம் எங்களுக்கு இல்லை.

கதையில் ஓர் ஆமையும் உண்டு. எந்தக் குடுக்கையில் யார் குரல் என்று பேர் எழுதி ஒட்டுவது அதன் வேலை. படிக்கும்போது நானும் சிரித்தேன். புத்தகம் வந்த வாரம் தங்கை வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே தங்கை மகள் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, ஆமை மாமா வந்தாச்சு. கண்ணாடியில கயிறு கட்டியிருக்கு பாரு, படத்துல இருக்கிற மாதிரியே."

மாவு கிண்டிக்கொண்டிருந்த தங்கை முகத்தைத் திருப்பிச் சிரித்தாள்.

"கோவிச்சுக்காதீங்க மச்சான்," என்றான் மசாவுக்கோ. "அது வெறும் ஆமை."

அவர்கள் கல்யாணத்தை முன்னின்று நடத்திப் பொறுப்பேற்றவன் நான். கூடவே இருந்து குழி பறித்துவிட்டான். அன்றைக்குச் சாப்பிடாமலே கிளம்பிவிட்டேன்.

மறுநாள் மேலிடத்துக்கு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். ராஜா இன்னார், காடு நம் நாடு, குடுக்கை நம் சிறை. ஒரு வரிகூடப் பொய்யில்லை. ஆமையைப் பற்றி மட்டும் எழுதவில்லை.

அவனைக் கொண்டுபோன அன்று தங்கை வந்தாள்.

"அண்ணே, அங்க உங்களுக்கு எல்லாரையும் தெரியுமே. பிள்ளைங்களுக்குச் சொன்ன கதைண்ணே அது. போட்டுக்கொடுத்தது யாருன்னு சொல்லுங்க, அவன் கால்லயாவது விழுறேன்."

விசாரிப்பதாகச் சொன்னேன். எட்டு மாதம் கழித்துச் சிறையிலிருந்து அவன் சட்டை மட்டும் வந்தது.

தாய்மாமன் நான், இப்போது பிள்ளைகள் என் பொறுப்பு. சாயங்காலங்களில் அப்பா கதையைக் கேட்பார்கள், சொல்வேன். ஆமை வரும் இடத்தை விட்டுவிடுவேன். கதை முடியும்வரை என் காலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆமை எங்கே என்று ஒருவரும் கேட்டதில்லை.

குழந்தைகள்தானே ஐயா, மறந்திருப்பார்கள்.