எழுந்திரிக்கிற வித்தை

— அட, சாப்பாட்டைப் பத்திக் கேக்கலைண்ணா. காலையில நீ கட்டிலை விட்டு எப்படி எழுந்திரிக்கிறேன்னு கேட்டேன்.

— ஒரு வருஷமா நல்லது கெட்டதுக்கு ஒரு போன் இல்லை. இன்னிக்கு விடிஞ்சும் விடியாம தங்கச்சிக்கு வந்த சந்தேகத்தைப் பாரு!

— சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான். கேட்டதுக்குப் பதில் சொல்லேன்.

— 'மகாராஜா எழுந்தாச்சா'ன்னு வீடே சிரிக்கிற மாதிரி கேப்பியே, அப்பவே தெரிஞ்சுக்கிட்டிருக்கலாம்.

— வயசுப் பையன் பத்து மணி வரைக்கும் படுத்திருந்தா வேற என்னன்னு நினைப்பாங்க?

— நீ மட்டுமா நினைச்சே! எல்லாரும்தான் நினைச்சாங்க. விடு. இப்ப பேரோட இருக்கற வியாதி. ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். அந்தப் பேரு வாயில நுழையறதுக்குள்ள முதுகே பலகையாயிடுச்சு. எலும்புக் கணு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குமாம். படுத்து ரெஸ்ட் எடுத்தா இன்னும் இறுகும், நடமாடினாத்தான் இளகும். சொன்னா எவன் நம்பறான்?

— ராத்திரியும் வலிக்குமா?

— நல்ல தூக்கத்துல எழுப்பி விட்டுடும். தும்மினா விலா எலும்பு கழண்டு விழற மாதிரி இருக்கும். சாக்ஸ் போடறதையே விட்டுட்டேன். குனிஞ்சா கால் எங்கேயோ வெளியூர்ல இருக்கு.

— வேலைக்குப் போறியா?

— ஃபேன் மாட்டற வேலை போச்சு. அண்ணாந்து பாக்க முடியாத எலெக்ட்ரீஷியனை யார் கூப்பிடுவா? கடையில உக்காந்து இஸ்திரிப் பெட்டி ரிப்பேர் பண்றேன். அடிக்கடி எழுந்து நடக்கணும். முதலாளி முறைப்பாரு. கழுத்து திரும்பினாத்தானே எனக்குத் தெரியும்!

— சிரிக்க வைக்காதேண்ணா, தாங்கலை.

— சிரி, சிரி. இந்த வீட்டுல சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாச்சு. தெருவுல யாராவது கூப்பிட்டா உடம்போட சேர்த்துத் திரும்பணும். திரும்பறதுக்குள்ள அவங்க போயிடறாங்க. பாத்தும் பாக்காத மாதிரி போறான்னு பேச்சு வேற. இப்பெல்லாம் யாரும் கூப்பிடறதே இல்லை... ஆமா, அங்க பெல் அடிக்குது போலிருக்கே?

— அடிக்கட்டும். எழுந்திரிக்கிறதைச் சொல்லு.

— விட மாட்டியா! மல்லாந்தபடியே எழும்பப் பாத்தா உயிர் போயிடும். முதல்ல முழங்காலை மடக்கணும். அப்புறம் மொத்த உடம்பையும் ஒரு பக்கமாப் புரட்டி, காலைக் கீழே தொங்கப் போட்டு, முழங்கையை ஊனி எம்பணும். கட்டில் கால்ல ஒரு புடவை கட்டியிருக்கேன், அதைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே...

— யார் புடவை?

— உங்க அண்ணியோடதுதான். அவ விட்டுட்டுப் போனதுல இன்னும் எனக்குக் கை குடுக்கறது அது ஒண்ணுதான்.

— அண்ணி இதனாலதான் போனாங்களா?

— 'மரக்கட்டையோட எத்தனை நாள் குடும்பம் நடத்தறது'ன்னா. அவளைச் சொல்லியும் குத்தமில்லை.

— அப்படியேவா சொன்னாங்க?

— விடும்மா, பழகிடுச்சு. ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? டாக்டரைத் தவிர இத்தனை வருஷத்துல ஒருத்தர் என்கிட்ட 'எப்படி எழுந்திரிக்கிறே'ன்னு கேட்டதில்லை. நீ கேட்டே பாரு, எனக்கு மனசே நிறைஞ்சு போச்சு... என்ன, மறுபடியும் பெல்லா? யாரு அது?

— அவர்தான். நைட் டியூட்டி முடிஞ்சு வந்திருக்கார். உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்கேன்.

— நல்லாருக்கு! மாப்பிள்ளையை வாசல்ல நிக்க வெச்சுட்டா என்கிட்ட கதை கேக்கறே? போய்க் கதவைத் திற. நான் லைன்லயே இருக்கேன்.

— அவருக்குத் தெரியக் கூடாதுண்ணா. அதுக்குத்தான் உனக்குப் போன் பண்ணினேன். முழங்காலை மடக்கிட்டேன்... அடுத்து எந்தப் பக்கம் புரளணும்?